'ஆன்' என்ற சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு

அகராதிக்காரர் காலையில் பல் துலக்கும்போதே காதைத் தீட்டிக்கொள்வார். சமையலறையில் அக்காள் பாத்திரங்களைக் கடிந்துகொள்வதும், அக்காளின் மகள் சீப்பைக் காணோமென்று வீட்டைத் தலைகீழாக்குவதும் அவருக்குச் சரக்கு. அலுவலகம் போய் நாற்காலியில் அமர்ந்ததும் அவற்றை எடுத்துக்காட்டு வாக்கியங்களாக்கி ஆங்கில–தமிழ் அகராதிக்குள் இறக்கிவிடுவார். மணம் செய்துகொள்ளாத அவருக்கு அந்த இருவர்தான் உலகம். உலகத்துக்கு வேண்டிய வாக்கியங்களெல்லாம் அங்கேயே கிடைத்தன.

மாணவர் பதிப்பு தயாரானபோது 'ஆன்' (on) என்ற ஆங்கிலச் சொல் அவர் பங்குக்கு வந்தது. பார்த்தால் இரண்டு எழுத்து, பிடித்தால் விலாங்கு. மேசையின் மேல் புத்தகம் இருப்பதற்கும் அதுதான், சுவரில் படம் தொங்குவதற்கும் அதுதான். திங்கட்கிழமையன்று வருவது, பணியில் இருப்பது, தீப்பற்றி எரிவது, ஒருவரை நம்பி நிற்பது என்று எந்தக் கதவைத் தட்டினாலும் அதுவே வந்து திறந்தது.

"ஏன் சார், யானைக்கே ஒரு வரிதான் குடுத்தீங்க. இந்தச் சுண்டைக்காய்க்கு நாலு பக்கமா?" என்றார் எதிர்மேசைப் பிழைதிருத்துநர்.

"யானை சொன்ன இடத்துல நிக்குது. இது நிக்கமாட்டேங்குதே."

எடுத்துக்காட்டுகள் போதவில்லை. வழக்கம்போல் வீட்டுக்குள் கைவிட்டார். 'அவள் புருவத்தின் மேல் ஒரு தழும்பு இருக்கிறது.' 'அவள் முழங்காலிட்டுத் தரை துடைக்கிறாள்.' பிறர் தயவில் பிழைத்தல் என்ற பொருளுக்கும் ஒன்று வேண்டியிருந்தது. 'கணவன் கைவிட்ட அவள் தன் தம்பியிடம் ஒண்டி வாழ்கிறாள்.' கச்சிதமாக அமைந்துவிட்டதென்று தமக்குத்தாமே தலையை ஆட்டிக்கொண்டார்.

புத்தகம் வந்ததும் அக்காளின் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க மாமா எழுதினது" என்று வகுப்பு முழுவதும் சொல்லித் திரிந்தாள். தோழிகள் புரட்டினார்கள். மகளை விடப் பள்ளி வாசலுக்கு வரும் அக்காளின் அந்தத் தழும்பைப் பார்க்காதவர் யார்? மாலைக்குள் மகளுக்கு 'ஒண்டுக்குடி' என்ற பெயர் விழுந்தது. மறுநாள் அவள் சீருடை கொடியிலேயே தொங்கியது. அதற்கு மறுநாளும் தொங்கியது.

அக்காள் அந்தப் பக்கத்தை மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். தம்பியைக் கல்லூரிக்கு அனுப்புவதற்காகத் தையல் ஆலையில் பகலும் இரவும் காலர் தைத்தவள் அவள். அசதியில் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்து விழுந்தபோது கிழிந்த புருவம் அது. பெட்டியைக் கட்டி, மகளோடு மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் பின்னறைக்குக் குடிபோனாள்.

அவர் தேடிப் போனபோது ஆவிக்கு நடுவே அவள் படுக்கை விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"யோசிக்காம எழுதிட்டேன் அக்கா."

"யோசிச்சிருந்தா மறைச்சிருப்ப. யோசிக்காததால உள்ள இருந்தது வெளிய வந்துடுச்சு."

"வீட்டுக்கு வா" என்றார்.

"பள்ளிக்கூடமே வேணாம்னு சுவரைப் பாத்துப் படுத்திருக்கா. அவ படிப்பு நின்னுபோனா அதையும் ஒரு வாக்கியமா எழுதிக்கோ." விரிப்பை உதறினாள். "எங்கிட்ட அழாதே தம்பி. படிச்சுச் சிரிச்சவங்ககிட்ட போய்ச் சொல்லு."

அச்சான பிரதிகள் எல்லாப் பள்ளிகளுக்கும் போய்விட்டன. திரும்பப் பெற முடியாதென்று மேலாளர் கையை விரித்தார். அகராதிக்காரர் மறுநாள் காலையில் ஆசிரியையிடம் அனுமதி பெற்று அக்காள் மகளின் வகுப்பில் போய் நின்றார். மூன்றாம் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"'ஆன்' வர்ற கடைசிப் பக்கத்தை எடுங்க" என்று தொடங்கினார். "நீங்க சிரிச்ச வாக்கியத்தை எழுதினவன் நான். அது பொய். எங்க அக்கா காலர் தச்ச கூலியிலதான் நான் படிச்சேன். வீட்டை விட்டுப் போற வரைக்கும் அவங்க சமைச்சுப் போட்டுத்தான் சாப்பிட்டேன். ஒண்டி வாழ்ந்தவன் நான்தான். பேனாவால அதை அடிச்சிடுங்க."

முன்வரிசைப் பெண் எழுந்தாள். "சார், அகராதியில அடிக்கலாமா?"

"எழுதினவனே சொல்றேன். அடிம்மா."

பேனாக்கள் கீறும் ஓசை எழுந்தது. அவர் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு புத்தகத்திலும் அடித்த வரியின் ஓரத்தில், 'பொய் எழுதினேன்' என்று குறித்துக் கையெழுத்திட்டார். கடைசிப் புத்தகமும் முடிந்ததும் ஆசிரியையிடம் திரும்பினார்.

"அடுத்த வகுப்பு எந்தப் பக்கம்மா?"