மாமன் சட்டை

முப்பத்தாறாம் வருஷம் குற்றாலத்தில் சாரலும் பந்தாட்டமும் ஒரே வாரத்தில் தொடங்கின. பந்தாட்டத்தை நான்கு ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி ஏற்பாடு செய்தார்கள். சாரலை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஆகவே அது ஒழுங்காக நடந்தது.

தென்காசி, ஆலங்குளம், செங்கோட்டை, கடையநல்லூர் என்று நான்கு அணிகள். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் உண்டு. பந்தை உதைப்பதற்கு ஒருவன் சம்பளம் கொடுப்பானா என்று சிரித்தவர்கள்கூட, அருவியில் நனைந்த தலை காய்வதற்குள் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஆலங்குளத்துக்கு சென்டர் பார்வர்டு பிச்சைமணி. கேடயம் வந்தால் அடுத்த வருஷமும் சம்பளம் என்று அவனுடைய முதலாளி சொல்லியிருந்தார். வராவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. அது பிச்சைமணிக்கே தெரியும். வீட்டில் கிணறு இருந்தது, இரண்டு மாடு இருந்தது, காலையிலிருந்து பொழுது சாயும்வரை கமலை இறைக்கலாம்.

ஆனி கடைசிப் புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தென்காசியோடு கடைசி ஆட்டம். தென்காசி ஒரு புள்ளி முன்னால் நின்றது. சமன் ஆனாலே கேடயம் அவர்களுக்கு. ஆலங்குளம் ஜெயித்தே ஆக வேண்டும்.

தென்காசி அணியின் முதலாளி அரிசி மில் சொரிமுத்து. பிச்சைமணியின் அக்காள் உலகம்மாளைக் கட்டியவர். அவர் அந்தத் திங்கட்கிழமை வெற்றிலை பாக்கு பழத்தோடு தாமே ஆலங்குளத்துக்கு வந்து இறங்கினார்.

"மாப்ளே, புதன்கிழமை பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் நீதான் மடி கொடுக்கணும்."

"எத்தன மணிக்கு அத்தான்?"

"சாயங்காலம் அஞ்சரைக்கு மேல ஆறரைக்குள்ள."

"சாயங்காலத்துல எவன் காது குத்துதான்?"

"ஜோசியர் சொல்லுதாரு. பஞ்சாங்கத்துக்குப் பந்தாட்டம் தெரியுமா மாப்ளே?"

"வியாழக்கிழமை வச்சுக்கிடுங்களேன்."

"வியாழக்கிழமை ஆடி பொறக்குதுல்லா?" என்றார் சொரிமுத்து, ஆடி மாதம் பிறப்பதில் தமக்கும் வருத்தம்தான் என்ற முகத்தோடு.

பிச்சைமணி மறுநாளே தென்காசிக்கு நடந்தும் பஸ்ஸிலுமாக அக்காளிடம் போய் நின்றான். மாமன் மடியில்லாமல் காது குத்திய பெண் என்று பிள்ளை பேராச்சிக்குப் பெயர் வந்தால், அவள் கல்யாணம்வரை அதைச் சொல்லிக் காட்ட ஊரில் ஆள் இருந்தது. உலகம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஏலே மணி, ஆட்டத்துக்கு நடுவுல உங்களை உக்கார விடுவாங்களாமே?"

"பத்து நிமிஷம்."

"காது குத்த பத்து நிமிஷம் எதுக்கு? பிள்ளையை அங்கன தூக்கிட்டு வாரேன். எடம் எதுவா இருந்தா என்ன, மடி உன் மடியா இருந்தாச் சரி."

சொரிமுத்து இதற்குச் சம்மதித்தது எல்லோருக்கும் ஆச்சரியம். அவர் காது குத்தும் ஆசாரி மாடக்கண்ணுவைத் தனியே கூப்பிட்டுப் பேசியது யாருக்கும் தெரியாததால் வந்த ஆச்சரியம் அது.

புதன்கிழமை முதல் பாதியில் கோல் விழவில்லை. ஆட்டக்காரர்கள்தான் விழுந்தார்கள். ரெப்ரி கடற்கரை வாத்தியார் இடைவேளைக்கு ஊதியதும், கோல் கம்பத்தின் பக்கத்தில் ஜமுக்காளம் விரிந்தது. மேலே இரண்டு குடை. சேற்றுக் காலோடு பிச்சைமணி சம்மணமிட்டு உட்கார, மூன்று வயதுப் பேராச்சி அவன் மடியில் ஏறினாள்.

ஆசாரி பிள்ளையாரைக் கும்பிட்டார். பிறகு குலதெய்வத்தைக் கும்பிட்டார். அப்புறம், யாரும் விட்டுப் போகக்கூடாது என்பதுபோல் நாலு திசையையும் கும்பிட்டார். ஒரு காதைக் குத்தி முடித்தபோது விசில் கேட்டது.

"இன்னொரு காது இருக்குவே!" என்று பிச்சைமணி கத்தினான்.

"நேரம் ஆச்சு. வாரவன் வா, வராதவன் உக்காரு," என்றார் வாத்தியார்.

ஆசாரி கம்பியை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். சொரிமுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகம்மாள் இரண்டு பேரையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏலே, சட்டையைக் கழத்து."

"அக்கா?"

"ஜமீன் கல்யாணத்துல மாப்பிள்ளைக்குப் பதிலா கத்தியை வச்சுத் தாலி கட்டுதாங்கள்லா? மாமனுக்குப் பதிலா மாமன் சட்டை இருக்கட்டும். சட்டை இருக்கிற மடி மாமன் மடி. கழத்துலே!"

கூடி நின்ற பெண்கள் அது சரிதான் என்றார்கள். சட்டை கழன்றது. அதை விரிக்க ஒரு மடி வேண்டுமே என்று உலகம்மாள் சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த மடி சொரிமுத்துவுடையது. ஆலங்குளத்தின் பச்சைச் சட்டை தென்காசி முதலாளியின் வேட்டிமேல் விரிக்கப்பட்டது. பிள்ளை அதன்மேல் உட்கார்த்தப்பட்டது. இனி அவர் எழுந்திருக்க முடியாது.

வெறும் உடம்போடு ஆடலாமா என்று வாத்தியார் ரூல் புஸ்தகத்தைப் புரட்டினார். அதில் ஆணி வைத்த பூட்ஸைப் பற்றி இருந்தது. மைதானத்தில் பூட்ஸ் போட்டவர் யாரும் இல்லாததால், புஸ்தகத்தை மூடிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினார்.

"ஓய், சீக்கிரம் குத்தும்வே!" என்றார் சொரிமுத்து.

"அவசரப்படாதேயும்னு நீங்கதானே மொதலாளி சொன்னிய," என்றார் மாடக்கண்ணு, உலகம்மாள் காதில் விழும்படி.

ஆறேகாலுக்கு ஆசாரியின் கை பேராச்சியின் இன்னொரு காதுக்குப் போனது. அதே நேரத்தில் பிச்சைமணி இரண்டு பேரைத் தாண்டி, சேற்றில் சறுக்கியபடியே பந்தை உள்ளே தள்ளினான். ஆலங்குளத்துக்காரர்கள் கூச்சலிட்டார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். பேராச்சி அலறினாள். எந்தச் சத்தம் எதற்கு என்று கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியவில்லை.

மேற்கொண்டு கோல் இல்லை. கடைசி விசில் ஊதியதும் சொரிமுத்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சட்டையை உயர்த்திப் பிடித்தபடி ரெப்ரியிடம் வந்தார்.

"வாத்தியாரே, எனக்கு ஒரு சந்தேகம். என் பிள்ளைக்கு ரெண்டு காதும் மாமன் மடியிலதான் குத்தியிருக்கு. அப்படித்தானே?"

"ஆமா," என்றார்கள் பெண்கள்.

"மாமன் ஜமுக்காளத்துல இருந்திருக்கான். அப்போ அங்கன கோல் அடிச்சது யாரு?"

கடற்கரை வாத்தியார் மறுபடியும் புஸ்தகத்தை எடுத்தார். அதில் தாய்மாமனைப் பற்றி ஒன்றும் இல்லை. சாட்சிகளோ இருநூறு பேர், பாதிக்குமேல் பெண்கள். கடைசியில் அவர் பிச்சைமணியையே கேட்டார்.

"நீ சொல்லுலே. காது குத்தையில நீ எங்கன இருந்தே?"

பிச்சைமணி தன் முதலாளியைப் பார்த்தான். அவர் மைதானத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். அக்காளைப் பார்த்தான். அவள் எதையும் சுட்டிக்காட்டவில்லை. கமலைக் கயிறு உள்ளங்கையில் எந்த இடத்தில் காய்க்கும் என்று அவனுக்குத் தெரியும். அந்த இடத்தைச் சொறிந்துகொண்டான்.

"மடியிலதான் இருந்தேன்," என்றான்.

வாத்தியார் நோட்டில் எழுதியிருந்த கோலை அடித்து நீக்கப் பென்சிலை எடுத்தார். சொரிமுத்து மைத்துனன் முதுகில் அன்போடு தட்டினார்.

"பொய் சொல்லுதான்," என்றாள் உலகம்மாள்.

அவள் புருஷன் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கினாள். ரத்தம் காயாத அந்த இரண்டாவது காதிலிருந்து கம்பியை மெல்ல நெகிழ்த்தி உருவி எடுத்தாள். பேராச்சி அன்றைய மூன்றாவது அலறலை அலறினாள்.

"இந்தக் காது குத்தலை. இவன் மடியில இருக்கும்போது குத்துனது ஒரு காதுதான். மத்தது ஆவணியில. வாத்தியாரே, பென்சிலை உள்ள வையும்."

"ஏட்டி, ஒத்தைக் காதோட ஒரு மாசமா பிள்ளை திரியும்? ஊரு என்ன சொல்லும்?" என்றார் சொரிமுத்து.

"என்ன ஏதுன்னு கேப்பாக. நான் சொல்லுவேன்."

சொரிமுத்து அதை யோசித்தார். அவள் விவரமாகச் சொல்லக்கூடியவள். அவர் மேற்கொண்டு சந்தேகம் எதுவும் எழுப்பவில்லை. கோல் நோட்டிலேயே இருந்தது.

பிச்சைமணி அக்காளிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

"ஆவணிக்குச் சீர் ஒழுங்காக் கொண்டுவாலே. ஒரு காதுதானேன்னு குறைச்சிராதே," என்று சொல்லி அவள் பிள்ளையோடு வில்வண்டியை நோக்கிப் போய்விட்டாள்.

கேடயம் வாங்க வெறும் உடம்போடு வரக்கூடாது என்றார் வாத்தியார். சொரிமுத்து சட்டையை நீட்டினார். பிச்சைமணி போட்டுக்கொண்டான். முதல் பாதியிலேயே நனைந்த சட்டைதான், ஈரமாக இருந்ததில் அதிசயம் இல்லை. ஆனால் பேராச்சி உட்கார்ந்திருந்த முன்பக்கம் நன்றாகச் சூடாக இருந்தது. குற்றாலத்துச் சாரல் எந்த வருஷமும் அப்படிச் சூடாக விழுந்ததில்லை.