வழி சொன்னவள்

அக்கா மகளுக்குப் பதினோரு மணிக்கு நேர்காணல்; வீட்டிலிருந்தபடியே, கணினி வழியாக. ஒன்றரை வருடம் விண்ணப்பித்து ஓய்ந்த பிறகு வந்த ஒரே அழைப்பு அது. பத்து இருபதுக்கு வீட்டில் இணையம் படுத்துவிட்டது. உடனே சித்திக்குப் போன். சித்தி இணைய நிறுவனத்தில் இன்ஜினியர் என்றால், உலகத்தில் எந்த வயர் அறுந்தாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் சட்டம்.

"உங்க வீட்டு லைன் எங்களோடது இல்லடி. அந்தப் போட்டிக் கம்பெனிகிட்ட வாங்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். உங்கம்மா கேட்டாளா?"

"திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம் சித்தி. பொட்டியில பச்சை லைட் எரியுது, ஆனா ஒண்ணுமே திறக்கல. செல்லுல பேசத்தான் சிக்னல் இருக்கு, வீடியோ ஓடாது."

பச்சை விளக்கு எரிந்தால் வயர் நன்றாக இருக்கிறது. பிறகென்ன கேடு? சித்திக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்து அவளுடைய மேலாளர் பல்லெல்லாம் தெரிய மேசையருகே வந்து நின்றார். "கிராஃபைப் பாத்தீங்களா? பத்து மணியிலேர்ந்து கோடு ஏறிக்கிட்டே போகுது. புது ஏரியா பிச்சுக்கிட்டுப் போகுது!"

பார்த்தாள். வெளியிலிருந்து அவர்கள் நிறுவனத்துக்கு வந்து இறங்கும் தரவு ஏறியிருந்தது. அங்கிருந்து வீடுகளுக்குப் போவது அப்படியே இருந்தது. அப்படியானால் மிச்சம் எங்கே போய்த் தொலைகிறது? புது ஏரியாவில் இன்னும் ஒரு வீட்டுக்குக்கூட வயர் இழுக்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

புது ஏரியாவுக்காக அன்று காலை பத்து மணிக்கு அவள் செய்தது ஒரே வேலை. வீட்டுக்கு வீடு முகவரி போல, இணையத்திலும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. 'இந்த எண்களுக்கு வருவதை என்னிடம் கொடு' என்று ஒரு நிறுவனம் அண்டை நிறுவனங்களுக்குச் சொல்லும்; புது ஏரியாவின் எண்களுக்காகக் காலையில் அவள் சொன்னதும் அதுதான். அவை தங்கள் அண்டைக்குச் சொல்லும். இப்படி ஒருவர் வாயிலிருந்து ஒருவர் காதுக்குப் போய்த்தான் உலகம் முழுக்க வழி தெரிகிறது. அந்த எண்கள் உண்மையில் உன்னுடையவைதானா என்று பாதிப் பேர் கேட்பதே இல்லை. இத்தனை பெரிய உலகம் இவ்வளவு வெகுளியாக இருக்கக் கூடாது.

மணி பத்து நாற்பத்தெட்டு. என்ன செய்வதென்று தெரியாமல்தான் சித்தி போனில் கேட்டாள்: "உங்க பொட்டியோட எண்ணைப் படி. நாலு துண்டா இருக்கும். மூணாவது என்ன?"

"அறுபத்தி நாலு."

சித்தியின் கண் திரைக்குப் போனது, அங்கிருந்து, புது ஏரியாவுக்கு ஒதுக்கிய எண்கள் அச்சிட்டு மேசையில் கிடந்த தாளுக்கு வந்தது. தாளில் நாற்பத்தாறு. திரையில், அவள் கையாலேயே தட்டியது, அறுபத்து நாலு. மேலே இணைப்புத் தரும் பெரிய நிறுவனமாவது தடுத்திருக்க வேண்டாமா? எப்படித் தடுக்கும்? எந்த எண்களை ஏற்கலாம் என்று அவர்களுக்கு நேற்று அனுமதிப் பட்டியல் எழுதி அனுப்பியதும் இவள்தான், அதிலும் அதே அறுபத்து நாலு. அக்கா வீட்டுக்குப் போக வேண்டியதெல்லாம் இங்கே வந்து, வாங்க ஆளில்லாமல் குப்பையில் விழுந்துகொண்டிருந்தது.

அந்த வரியை அழித்தாள். ஆனால் 'நான் சொன்னது தப்பு' என்பதும் வாய் வாயாகத்தானே போய்ச் சேர வேண்டும்? அக்கா வீட்டில் இணையம் வந்தபோது மணி பதினொன்று பத்து.

சற்று நேரத்தில் அக்காவே கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது. "லேட்டுன்னு கதவைச் சாத்திட்டாங்கடி. கோளாறுன்னு நெட் கம்பெனி எழுத்துல குடுத்தா இன்னொரு தேதி தருவாங்களாம். கேட்டா, எங்க பக்கம் ஒரு குறையும் இல்லைங்கறான் அந்தப் புளுகன்! நீ அப்பவே சொன்னே, நான்தான் கேக்கல. நாளைக்கே உங்க கம்பெனிக்கு மாத்திக் குடுடி."

"அவங்க புளுகலக்கா. லெட்டர் நான் தரேன்."

"நீ எப்படிடி தருவே?"

கோடு ஏன் விழுந்தது என்று கேட்க மேலாளர் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். சித்தி இருவருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

"உங்க வீட்டு வழியை மறிச்சது நான்தான்க்கா."