வரவேற்புக் குழுத் தலைவரின் வாடகை வீடு

கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கடற்கரையில் இருக்கும் பெல்சர் கோவ் ஊரின் கவுன்சிலரும் வரவேற்புக் குழுத் தலைவருமான எல்ஸ்வர்த் கார்க்கம் வாடகை வீட்டில் குடியிருந்தார். இது ஊருக்கே தெரியும். மேடை ஏறினால் அவருக்கு மட்டும் மறந்துவிடும்.

"எங்கள் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நகரத்து நெரிசலில் மூச்சு முட்டுகிறவர்களே, கடற்காற்று உங்களை அழைக்கிறது" என்று அவர் நெஞ்சை நிமிர்த்திப் பேச, நகராட்சிச் செலவில் எடுத்த ஒரு நிமிடப் படம் போன வருஷம் ஒண்டாரியோ மாகாணம் முழுக்கக் கைபேசிகளில் ஓடியது. படத்தில் அவருக்குப் பின்னால் சாயங்கால வெயிலில் மினுங்கிய நீல வீடு அவர் குடியிருந்த வீடுதான். அந்தப் படத்துக்காகக் கவுன்சிலில் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

டொராண்டோவிலும் ஹாமில்டனிலும் தீப்பெட்டி போன்ற வீட்டை விற்றவர்கள், அந்தப் பணத்துக்கு நோவா ஸ்கோஷியாவில் கடலையும் சேர்த்தே வாங்கலாம் என்று கண்டுபிடித்து வந்து இறங்கினார்கள். வந்தவர்களுக்கு எல்ஸ்வர்த் சிங்கி இறால் விருந்து வைத்தார். மீன் ஆலைத் தொழிலாளர்கள் வாடகைக்கு இருந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. அந்தக் குடும்பங்கள் மச்சினன் வீட்டு நிலவறையிலும் கேரவன் வண்டியிலும் போய் ஒண்டிக்கொண்டன. இதை அவர் "வளர்ச்சியின் வலி" என்று வர்ணித்தார். அந்த வலி அதுவரை பக்கத்துத் தெருவோடு நின்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கொல்லைப்புறக் கதவை யாரோ தட்டினார்கள்.

அந்த ஊரில் கதவைத் தட்டும் வழக்கமில்லை. தெரிந்தவர்கள் நேரே சமையலறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். தட்டுகிறவர் போலீஸ், அல்லது மதப் பிரசாரகர். மியூரியல் கரண்டியைப் பிடித்தபடியே திரும்பிக் கணவரைப் பார்த்தாள். எல்ஸ்வர்த் போய்த் திறந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார் வீட்டுக்காரர் வில்பர்ட் ஸ்விக்கர்.

"என்னடா புதுசா தட்டுற? உள்ள வா."

"உக்கார வரலடா. முட்டி ரெண்டும் போச்சு. பொண்ணு ஹாலிஃபாக்ஸுக்கே வந்துடுன்னு கூப்பிடுறா." வில்பர்ட் தரையைப் பார்த்தே பேசினார். "இந்த வீட்டக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

"யாருக்குக் குடுக்குற?"

"விக்கிறேண்டா. ஒண்டாரியோவுலேர்ந்து புருஷன் பொண்டாட்டி சனிக்கிழம பாக்க வராங்க. ஒரு வெல சொன்னேன், பேரமே பேசல. எனக்கே பயமாப் போச்சு."

"நாம கைகுடுத்துப் பேசினது?"

"கைகுடுத்தது நீயும் நானும். வாங்குறவங்க வாடகைக்கு விட்டா நீ இருக்கலாம். அவங்களே குடிவந்தா நான் என்ன பண்ணுவேன் சொல்லு."

"அவங்களுக்கு எப்படிடா இந்த வீடு தெரியும்?"

வில்பர்ட் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "உன் படத்துல பாத்தாங்களாம். இதே வீடுதான் வேணும்னு விசாரிச்சுப் பிடிச்சிருக்காங்க."

மியூரியல் அடுப்பை அணைத்தாள்.

வில்பர்ட்டும் எல்ஸ்வர்த்தும் வாலிபத்தில் ஒரே படகில் சிங்கி இறால் பிடித்தவர்கள். எல்ஸ்வர்த் கல்யாணம் செய்துகொண்டபோது இருவரும் கைகுலுக்கிப் பேசிக்கொண்டது இதுதான்: வாடகை ஏறாது, பழுது எதுவானாலும் எல்ஸ்வர்த் பார்த்துக்கொள்ள வேண்டும். காகிதம் எதுவும் எழுதவில்லை. அங்கே சிநேகிதனிடம் காகிதம் கேட்பது முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். வில்பர்ட் சொன்ன சொல் தவறவில்லை. எல்ஸ்வர்த்தும் கூரையைப் பிரித்து மேய்ந்தார், நிலவறைச் சுவரைத் தோண்டிப் பூசினார், ஜன்னல்களை மாற்றினார், வருஷாவருஷம் நீலம் அடித்தார். கடைசியில் அந்த வீட்டில் வில்பர்ட்டுடையது என்று மிஞ்சியது பத்திரம் மட்டும்தான்.

அன்றிலிருந்து எல்ஸ்வர்த்துக்குச் சோறு இறங்கவில்லை. தெரிந்த இடங்களுக்கெல்லாம் போன் போட்டார். "உங்களுக்கு இல்லாத வீடா, கவுன்சிலர்?" என்று சிரித்துவிட்டு, இல்லை என்றார்கள். காலியாக இருந்தது ஒரு கார் கொட்டகையின் மாடியறை. அதற்குச் சொன்ன வாடகையைக் கேட்டுவிட்டு, தப்பான எண் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாதா கோவில் மைதானத்தில் வெர்னா என்ற மீன் ஆலைக்காரி கேரவனில் குடியிருந்தாள். அந்தப் பக்கம் போகும்போது எல்ஸ்வர்த் எப்போதும் வானிலையை ஆராய்வதுபோல் மேலே பார்த்தபடி நடந்துவிடுவார். இந்த வாரம் நின்று பார்த்தார். ஜன்னலில் உட்பக்கமாக ஈரம் வழிந்துகொண்டிருந்தது. கணப்பு இருக்கிறதா என்று கண்ணாடியோடு கண்ணை ஒட்டினபோது உள்ளேயிருந்து வெர்னாவின் முகம் எழுந்தது.

"என்ன கவுன்சிலர், வரவேற்க வந்தீங்களா?"

அவர் விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து, மியூரியலிடம் எதுவும் காட்டிக்கொள்ளாமல் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. "இங்க பாரு. அவங்க வரும்போது இந்த வீட்டோட குறையெல்லாம் ஒண்ணு விடாம சொல்லு. இல்லாததையும் சேத்துச் சொல்லு. பயந்து ஓடிடட்டும்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"நீ மேடையில பேசுறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்."

சனிக்கிழமை மூடுபனி வீட்டை விழுங்கியிருந்தது. "கடவுள் நம்ம பக்கம்" என்றாள் மியூரியல். தரகர் டாரீன், குடியிருப்பவர்கள் வெளியே போய்விட்டால் நல்லது என்று போனில் சொல்லியிருந்தாள். எல்ஸ்வர்த் போகவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டார், கப்பல் முகப்பில் மரப்பொம்மை நிற்பதுபோல.

வந்தவர்கள் ஹாமில்டன்காரர்கள்: கிரெய்க், அவன் மனைவி லெஸ்லி. அவரைப் பார்த்ததும் லெஸ்லி வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்கதான அந்தப் படத்துல பேசினவரு? எங்க வீட்ல தெனம் போட்டுப் பாப்போம்."

இன்னொரு நாளாயிருந்தால் அவர் ஒரு சிறு உரை ஆற்றியிருப்பார். இன்று ஜன்னலைக் காட்டினார். "படத்துல வெயில் அடிச்சுதுங்க. வருஷத்துல பாதி நாள் இந்தப் பனிதான். எதிர் வீடே தெரியாது."

"கிரெய்க், எதிர் வீடே தெரியாதாம்." லெஸ்லி கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். "அங்க எதிர் வீட்டுக்காரன் பல்லு தேய்க்கிறது வரைக்கும் தெரியும்."

"கிணத்துத் தண்ணி அழுகின முட்டை நாத்தம் அடிக்கும்."

"கந்தகம்" என்றான் கிரெய்க். "வெந்நீர் ஊத்துல அதுக்குக் காசு வாங்குறாங்க."

"யார் வேணும்னாலும் தட்டாம உள்ள வருவாங்க. அந்தரங்கம்னு ஒண்ணு கிடையாது."

லெஸ்லியின் கண் கலங்கிவிட்டது. ஹாமில்டனில் அவள் மாடிப்படியில் வழுக்கி விழுந்து கிடந்தபோது அடுத்த வீட்டுக்காரர்கள் அவளைத் தாண்டிப் போனார்களாம். அவர் தன் ஊரை எவ்வளவு திட்டுகிறாரோ அவ்வளவுக்கு அது அவர்களுக்கு இனித்தது. மிச்சமிருந்தது ஒன்றுதான்.

"கூரை" என்றார். "போன புயல்ல ஆட்டம் கண்டுடுச்சு. அடுத்த புயலுக்குத் தாங்காது. நிலவறைச் சுவரும் ஊறிப்போயிருக்கு."

கிரெய்க்கின் முகம் மாறியது. முதல்முறையாக அவன் தலையை அண்ணாந்து பார்த்தான். லெஸ்லி அவன் முழங்கையைப் பிடித்தாள். "கூரைன்னா பெரிய செலவாச்சே. இருக்குறதெல்லாம் இதுல போடுறோம். இதுலயும் ஏமாந்தா நம்மால தாங்க முடியாது கிரெய்க்."

டாரீன் அவசரமாக ஏதோ சொல்லப் பார்த்தாள். அவர்கள் கேட்கவில்லை. ஜன்னலோரம் நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். லெஸ்லி இரண்டு தடவை இல்லை என்று தலையாட்டினாள். பிறகு கிரெய்க் மேல்கோட்டை எடுத்தான்.

மியூரியலின் கை எல்ஸ்வர்த்தின் கையைத் தேடிப் பிடித்தது. நான்கு நாளில் முதல்முறையாக அவர் முழுதாக ஒரு மூச்சு விட்டார்.

வாசலில் கிரெய்க் நின்று, பனியினூடே கூரையின் ஓரத்தை விரலால் காட்டினான். "அங்க பாரு லெஸ்லி. அந்த மூலையில மட்டும் பலகைய ரெண்டு மடங்கா அடிச்சு வச்சிருக்கான். வேலை தெரியாத எவனோ ஒரு மடையன் போட்ட கூரை. சரியாத்தான் சொல்றாரு, பறக்கத்தான் செய்யும்."

"அது தெரியாம அடிச்சது இல்லீங்க" என்றார் எல்ஸ்வர்த்.

மியூரியலின் நகம் அவர் உள்ளங்கையில் பதிந்தது.

"தென்கிழக்குக் காத்து அந்த மூலையிலதான் கைய விட்டுத் தூக்கும். அதனால அங்க மட்டும் ரெண்டு அடுக்கு. போன புயல்ல மாதா கோவில் கூரையே போச்சு. இதுல ஒரு பலகை அசையல."

"இப்பதான ஆட்டம் கண்டுதுன்னு சொன்னீங்க?"

"எது? என் கூரையா?" கையை உதறிக்கொண்டு அவர் முன்னால் போனார். நெஞ்சு தானாகவே நிமிர்ந்துகொண்டது. படத்தில் நிமிர்ந்ததே, அதே அளவு. "ஏணி எடுக்குறேன், வாங்க. நீங்களே ஆட்டிப் பாருங்க. சுவரையும் காட்டுறேன். ஒரு கோடை முழுக்கத் தோண்டிப் பூசினது. விரல் வச்சுப் பாத்துட்டு ஈரம் இருக்கான்னு சொல்லுங்க."

மியூரியல் சமையலறையில் உட்கார்ந்தாள். கூரையிலிருந்து அவர் குரல் கேட்டது. பிறகு காலடியில் நிலவறையிலிருந்து கேட்டது. "இந்த மாகாணத்துலயே இப்படி ஒரு சுவர் கிடையாது" என்று அது முழங்கியது. யாரோ சுவரைத் தட்டும் சத்தம், கிரெய்க்கின் மெச்சல், மறுபடி முழக்கம்.

படியேறி வந்த எல்ஸ்வர்த் அவள் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆனாலும் பாதியில் இருந்த வாக்கியம் நிற்காமல் "...இன்னும் ஐம்பது வருஷம் தாங்கும்" என்று முடிந்த பிறகே ஓய்ந்தது.

சொன்ன விலைக்கு மேலேயே போட்டு அந்தச் சமையலறை மேஜையிலேயே கையெழுத்திட்டார்கள். ஆகஸ்டு முதல் தேதிக்குக் காலி செய்ய வேண்டும் என்றாள் டாரீன். லெஸ்லி திடுக்கிட்டு எல்ஸ்வர்த்தைப் பார்த்தாள். "உங்க சொந்த வீடுன்னுல்ல நெனச்சேன். நீங்க எங்க போவீங்க?"

"அதெல்லாம் பாத்து வச்சிருக்கோம்" என்றார் வரவேற்புக் குழுத் தலைவர்.

"அப்ப பக்கத்துலதான் இருப்பீங்க. ஏதாச்சும் பழுதுன்னா உங்களையே கூப்பிடுறோம்."

கார் பனிக்குள் மறைந்தது. மியூரியல் கத்தவில்லை, அது அவரை இன்னும் பயமுறுத்தியது. "எங்க பாத்து வச்சிருக்க, கவுன்சிலரே?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை கடைசி வாரம் வரைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. சாமான்கள் பெட்டிகளில் ஏறி, பெட்டிகள் எங்கே போவதென்று தெரியாமல் கூடத்தில் நின்றன. வெர்னாவின் கேரவனுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வண்டி நிற்க இடம் இருப்பதை இருவரும் பார்த்திருந்தார்கள். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

கடைசியில் மாகாணத்தின் மறுகோடியில், கேப் பிரெட்டனில், சுரங்கம் மூடிப்போன ஒரு ஊரில், ஒரு வாடகை விளம்பரம் கிடைத்தது. போனை எடுத்தவர் ஒரு பெரியவர்.

"எங்கேர்ந்து பேசுறீங்க?"

"தென்கரைப் பக்கம்யா. பெல்சர் கோவ்."

"ஓ." குரல் இறுகியது. "தென்கரைக்காரங்களா. இப்பல்லாம் உங்க ஆளுங்கதான் வந்துட்டிருக்காங்க. உங்களாலதான் இங்க வாடகை ஏறிப்போச்சுன்னு ஊரே பேசுது."

எல்ஸ்வர்த் அதைக் காதில் வாங்காததுபோல் விட்டார். "வீடு காலியாத்தான இருக்குங்கய்யா?"

"காலின்னு சொல்ல முடியாது. ஒரு பொண்ணு இருக்கா, ரெண்டு புள்ளைங்க. வாடகை ஒழுங்காத்தான் குடுக்குறா, அதுல குத்தம் சொல்ல முடியாது. இப்ப என்ன வெலைக்குப் போகுதுன்னு பாப்போமேன்னு போட்டேன்."

பெரியவருக்குப் பின்னால் ஒரு பாத்திரம் வைக்கும் சத்தம். ஒரு இளம் குரல் கேட்டது: "மாமா, புள்ளைங்களுக்கு வச்ச சூப்பு உங்களுக்கும் கொண்டாந்தேன், ஆறிடப் போகுது. யாரு போன்ல?"

"யாருமில்லம்மா, யாரோ வெளியூரு."

எதிரில் மியூரியல் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் எல்லாம் கேட்டது. வேண்டாம் என்று அவள் தலையாட்டியிருந்தால் அவர் போனை வைத்திருப்பார், அல்லது வைத்திருப்பேன் என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளவாவது முடிந்திருக்கும். அவள் தலையாட்டவில்லை.

"அந்தப் பொண்ணு குடுக்குறதுக்கு மேல மாசம் முந்நூறு டாலர் தரேன்" என்றார் எல்ஸ்வர்த். அது மேடைக் குரல் இல்லை. அவர் காதுக்கே எட்டாத குரல்.

"கேக்கலியே" என்றார் பெரியவர். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

எல்ஸ்வர்த் சத்தமாகச் சொன்னார்.