எண் இல்லாத அறை

நூற்று நாற்பது வரைபடங்களை மடித்த பிறகுதான் அவன் ஒன்றை விரித்துப் பார்த்தான்.

மடிப்பது எளிய வேலை. அகலத்தில் பாதி, நீளத்தில் மூன்று மடிப்பு, கட்டைவிரல் நகத்தால் ஓர் அழுத்து. அச்சகத்திலிருந்து வந்த நானூறு தாள்களும் நூலகத்தின் பின்னறை மேசையில் கிடந்தன. மனைவி போன ஒன்பது மாதங்களில் கை தானாக ஓடும் வேலைகள்தான் அவனுக்கு ஒத்துவந்தன.

அந்தப் பகுதியில் ஓவியம், மண்பாண்டம், மரவேலை என்று ஏதாவது செய்பவர்கள் ஆண்டுக்கொரு சனி, ஞாயிறு தங்கள் வேலை அறைகளைத் திறந்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு அறை அறையாக ஏறி இறங்கலாம். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. பங்கேற்பவர்களே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்ய வேண்டும். அவன் மனைவி, லினோ எனப்படும் மெத்தென்ற தகட்டில் உளியால் படம் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுப்பவள். தையல்கடை மாடியில் அவளுக்கு ஓர் அறை இருந்தது. மாதக் கடைசியில் அதைக் காலி செய்ய வேண்டும். தையல்காரருக்குத் துணி அடுக்க இடம் போதவில்லை. அதற்குள் ஒரே ஒரு முறை அந்த அறையைத் திறந்து வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவன் கேட்டது. மகள் செய்த வேலையை ஒரு நாளும் வந்து பார்த்திராத மாமியாரும் வருவதாகச் சொல்லியிருந்தார்.

விதிமுறைகள் ஒரு தாளில் அடங்கிவிடும். மொத்தம் பதினொன்று. நான்காவது, ஒவ்வொருவரும் பன்னிரண்டு மணி நேரம் பொது வேலை பார்க்க வேண்டும். ஏழாவது, கலைஞர் இரண்டு நாளும் தம் அறையில் நேரில் இருக்க வேண்டும். ஒன்பதாவது, சொந்தப் படைப்பு மட்டும். ஏழாவதைப் படித்ததும் அவன் செயலாளரிடம் போனான். பானை செய்பவள். முழங்கைவரை எப்போதும் மண் என்பதால் எல்லோருக்கும் அவள் மண்ணக்கா. அவன் மனைவிக்கு உயிர்த்தோழி. ஆஸ்பத்திரியில் அவன் சாப்பிடப் போன நேரமெல்லாம் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவள். அதையெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகவும், பெயரை மட்டும் எழுதிக் கொடுக்கும்படியும் சொன்னாள். போகிற போக்கில், வரைபடத்தில் அந்த அறைக்கு வரப்போகும் எண்ணையும் சொல்லி அனுப்பினாள். பதினாலு.

பன்னிரண்டுக்கு அவன் முப்பத்தொரு மணி நேரம் உழைத்தான். கம்பங்களில் அம்புக்குறி கட்டினான். மேசைகளைத் தூக்கினான். புகைப்படம் அனுப்பாதவர்களைத் துரத்தித் துரத்தி வாங்கினான். தம்பி வந்த பிறகு நம் கூட்டம் கம்பெனி மாதிரி ஆகிவிட்டது என்று மண்ணக்கா எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது விரித்த தாளில் பதினாலு இருந்தது. இரண்டு தெரு தள்ளி, மரம் கடைபவரின் பட்டறைமேல் இருந்தது. தையல்கடை இருக்கும் இடத்தில் வெறும் தெருக்கோடு. கடைசி எண் இருபத்திரண்டு. அவன் இரண்டு முறை விரலை வைத்து எண்ணிப் பார்த்தான். பிறகு இன்னொரு தாளை விரித்தான், அதில் வேறு மாதிரி அச்சாகியிருக்கும் என்பதுபோல.

அவன் போனபோது மண்ணக்கா சக்கரத்தில் ஒரு கிண்ணத்தின் அடியைச் சீவிக்கொண்டிருந்தாள். அவன் வரைபடத்தை அவள் முன்னால் பிடித்தான். சக்கரம் மெல்ல நின்றது.

"உக்காரு தம்பி."

"என் பதினாலு எங்கக்கா?"

அவள் எழுந்துபோய் வெகுநேரம் கை கழுவினாள். குழுவில் ஐந்து பேர். ஆறு வாரத்துக்கு முன்பே கூடி, முடியாது என்று முடிவெடுத்துவிட்டார்களாம். தான் ஒருத்தி மட்டும் அவனுக்காக மல்லுக்கட்டியதாகச் சொன்னாள்.

"ஆறு வாரமா உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வந்திருப்பியா?"

சொன்ன பிறகுதான் அது காதில் எப்படி விழுகிறது என்பது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். அவசர அவசரமாகப் பூசி மெழுகினாள். அம்புக்குறி கட்ட வேறு ஆளில்லை, அது உண்மைதான். ஆனால் அவனும் அந்த வாரங்களில்தான் வெயிலில் நின்றான், நாலு பேரோடு பேசினான், ஒழுங்காகச் சாப்பிட்டான், அதைக் கெடுக்க வேண்டாம் என்று இருந்துவிட்டாளாம். அதில் பொய் ஒன்றுமில்லை. பொய்யாக இருந்திருந்தால் அவனுக்குக் கோபமாவது வந்திருக்கும்.

"ஒண்ணு செய்யலாம்," என்றாள். "உன் பேர்ல போட்டுடறேன். நீ செதுக்கினதுன்னு சொல்லிடு. நீதான் அங்க இருக்கப்போற, ஏழாவது சரியாயிடும். இருபத்திமூணுன்னு ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிக்கலாம்."

"அப்ப ஒன்பதாவது?"

"அத யாரு பாக்கப்போறா?"

"அவ பாத்திருப்பா."

மண்ணக்காவின் முகம் மாறியது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து கூட்டக் குறிப்பேட்டை எடுத்தாள். பக்கம் புரட்டித் தேட வேண்டியிருக்கவில்லை. அடையாளம் வைத்திருந்தாள்.

"அவளா? இந்தா, நீயே படி. இத உன் கண்ணுல காட்டக் கூடாதுன்னுதான் இத்தன நாள் இருந்தேன்."

மூன்று ஆண்டுக்கு முந்தைய கூட்டம். இடப்பக்கம் சாயும் எழுத்து, அப்போது குழுவில் இருந்த அவன் மனைவியுடையது. கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர், இறந்துபோன தன் மனைவி செய்த பூவேலைத் துணிகளைக் காட்ட அறை திறக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அதன் கீழே அவள் எழுதியிருந்தாள்: "அறையைத் திறப்பது பொருளைக் காட்டுவதற்கு அல்ல, செய்தவரோடு பேசுவதற்கு. செய்தவர் இல்லாத அறை வெறும் கடை. இரக்கப்பட்டு ஒருமுறை விட்டால் அடுத்த ஆண்டு பாதி அறைகள் நினைவிடங்களாகிவிடும். கலைஞர் நேரில் இருக்க வேண்டும் என்பதை ஏழாவதாகச் சேர்க்க முன்மொழிகிறேன்." ஆதரவு ஐந்து. எதிர்ப்பு இல்லை.

தேதியைப் பார்த்தான். அன்று அவள் வீட்டுக்கு வந்து, கூட்டம் இழுத்துவிட்டது என்று சொல்லிச் சாப்பிட்டுப் படுத்திருப்பாள். எந்த மை காயவில்லை, எந்த உளி மழுங்கிவிட்டது என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பவள். இதை மட்டும் சொல்லவில்லை. கைக்கடிகாரம் சரிசெய்ய அந்த மனிதரிடம் அவன் எத்தனையோ முறை போயிருக்கிறான். ஒவ்வொரு முறையும் அவர் அவள் நலம் விசாரித்திருக்கிறார். அவனும் நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

குறிப்பேட்டை மூடி மேசையில் வைத்தான்.

"இன்னும் எரநூத்தி அறுபது தாள் இருக்கு. நீங்களே மடிச்சுக்குங்க," என்று மட்டும் சொன்னான்.

மாமியாரிடம் தொலைபேசியில் சொல்லும்போது குரல் அறிக்கை வாசிப்பதுபோல வந்தது. எண் கிடைக்கவில்லை, வரைபடத்தில் இடமில்லை, அவர் அலைய வேண்டாம்.

"யாரு வேணாம்னாங்க?"

"உங்க பொண்ணுதான் அத்தை."

முழுவதையும் சொன்னான்.  

"சின்னதுலயே அப்படித்தான். புடிச்சா உடும்புப்பிடி," என்றார். "நான் டிக்கெட் எடுத்தாச்சு. கதவத் தொறந்து வை. எனக்குக் காட்ட நம்பர் வேணுமா என்ன?"

சனிக்கிழமை பத்து மணிக்கு இருவரும் தையல்கடை மாடி ஏறினார்கள். மை வாசனை இன்னும் போகவில்லை. காற்றில்லாமல் மூச்சு முட்டியதால் கதவைத் திறந்தபடியே விட்டான். மாமியார் கைப்பையை இறக்கி வைக்காமலே சுவரோடு சுவராக நடந்தார். மாட்டியிருந்த படங்களில் கொடியில் காயும் துணி, படிக்கட்டு, கவிழ்த்த வாளி. பேருந்து இருக்கையில் தூங்கும் ஒரு பெண்ணின் படத்தருகே நின்றார்.

"இது நானா?"

"நீங்கதான்."

"இப்படியா வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்கறேன்? கேட்டிருந்தா நல்லா உக்காந்து காட்டியிருப்பேனே." அதற்குப் பிறகுதான் கைப்பையை இறக்கிவைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பதினொரு மணி வாக்கில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. கணவன் மனைவி போல இருந்தார்கள். கையில் வரைபடம். கீழிருந்து திறந்த கதவைப் பார்த்து ஏறி வந்திருக்கிறார்கள். அந்தப் பெண் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எத்தனாவது நம்பர்?"

"நம்பர் இல்ல."

"உள்ள பாக்கலாங்களா?"

அவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். மனைவி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவனுக்குத் தெரியும், எழுத்தில் படித்தாயிற்று. உள்ளேயிருந்து மாமியார் திரும்பிப் பார்த்தார்.  அவன் ஒதுங்கினான்.

அந்தப் பெண் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றாள். கணவன் வாளிப் படத்தைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"யாரு செஞ்சது? இருக்காங்களா? ரெண்டு வார்த்தை பேசணும்."

"என் மனைவி. செத்துட்டா." அந்தச் சொல்லை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போயிட்டா என்றுதான் சொல்லிவந்தான்.

அவர்கள் கையில் இருந்த வரைபடத்தைச் சட்டென்று தாழ்த்தினார்கள். கேட்டிருக்கக் கூடாதோ என்று அந்தப் பெண் முணுமுணுத்தாள். இப்படித் திறந்து வைத்தது அவங்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும் என்றாள்.

"இல்லீங்க," என்றான். "அவளுக்குத் தெரியாமத்தான் தொறந்திருக்கேன்."