நாக்கில் வைத்த பச்சை மீன்

தொழிற்சாலை கேன்டீனில் மீன் உருண்டைக்குக் கலவை போடும் சமையல்காரியை எல்லோரும் உப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அளவுக் கரண்டியெல்லாம் அவளுக்கு ஆகாது. ஏரி மீனை அரைத்துப் பிசைந்ததும், பச்சையாகவே ஒரு சிட்டிகை நாக்கில் வைத்து உப்புப் பார்த்து விழுங்கிவிடுவாள். ஒரு நாளைக்கு நாலு சட்டி, பதினெட்டு வருஷம்.

அதே சமையலறையில் காய் நறுக்கும் நாத்தனாரோடு அவளுக்கு இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சொத்துத் தகராறெல்லாம் கிடையாது. "இன்னைக்கு உப்பு தூக்கல், அண்ணி" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள் அந்த மகராசி.

வலது கண் சிவந்து பத்து நாளாக உறுத்தியபோது, உப்பக்கா வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள். ஒருநாள் காலை ஜன்னல் பக்கம் அவள் திரும்ப, நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, அசையாதீங்க. உங்க கண்ணுக்குள்ள ஏதோ நெளியுது."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

நாத்தனார் பதிலுக்கு மல்லுக்கட்டவில்லை. கையைப் பிடித்துத் தரதரவென்று கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கருவி வைத்துப் பார்த்த டாக்டரம்மா, உள்ளே இருப்பது புழு, இன்றே எடுக்காவிட்டால் பார்வை போய்விடலாம் என்றார்.

"இது வேகாத மீன்ல இருந்து வர்ற புழு. பச்சை மீன் சாப்பிடுவீங்களா?"

"சேச்சே! நானா?"

"சாப்பிட மாட்டாங்க டாக்டர்," என்றாள் நாத்தனார். "உப்புப் பார்ப்பாங்க."

உப்பக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பிடுவது வேறு, உப்புப் பார்ப்பது வேறு என்றே இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள்.

கண்ணை மரக்கவைத்து, ஓரத்தில் சின்னதாகக் கீறி, டாக்டரம்மா அதை எடுத்தார். நூல் துண்டு அளவுதான். அதுவரை நாத்தனார் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலிலேயே நின்றாளாம். நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது.

கண் பிழைத்தது. வேலைக்குத் திரும்பிய அன்று உப்பக்கா ஒரே ஒரு உருண்டையை நன்றாக வேகும்வரை பொரித்து, பிட்டு, பெரிய பாதியை நாத்தனாரிடம் நீட்டினாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவள் உள்ளளவும் நினைக்க வேண்டியது உப்பில் குறை சொன்னவளை.

"நீ இல்லேன்னா இந்தக் கண்ணு எனக்கில்ல. இனிமே உப்பு நீ பார்த்துச் சொல்லு."

நாத்தனார் நிதானமாக மென்றாள்.

"கொஞ்சம் தூக்கல்தான், அண்ணி."

உப்பக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு கண்ணிலும் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு, அடுத்த சட்டிக்கு உப்பைக் குறைத்துப் போட்டாள்.