நீல மூடி டப்பா

அடுப்பில் பர்னர் இரண்டு. இடது மூத்தவளுக்கு, வலது இளையவளுக்கு. அவர்கள் ஓரகத்திகள். கணவர்கள் அண்ணன் தம்பி; மோட்டார் பழுது பார்க்கும் பட்டறையைச் சேர்ந்து நடத்துகிறார்கள். பட்டறை பிரியாதவரை வீடும் பிரியாது.

இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. மூத்தவள் பாத்திரம் கழுவும் குழாயிடம் பேசுவாள். இளையவள் ஜன்னலிடம்.

"குழாயே, வலது பர்னர்ல பால் பொங்கி வழிஞ்சிருக்கு. பொங்க விட்டவங்களுக்குத் துடைக்கக் கை இல்ல போல."

"ஜன்னலே, கையெல்லாம் இருக்கு. மூச்சு விடத்தான் முடியல. வினிகர் நாத்தம்."

மூத்தவளிடம் எல்லாவற்றுக்கும் வைத்தியம் இருந்தது. கெட்டிலில் படியும் உப்புக்கு வினிகர். அடைத்த வடிகாலுக்குச் சோடா உப்பும் வெந்நீரும். மங்கிய வெள்ளிக்குப் பற்பசை. துருவுக்கு எலுமிச்சை. கடையில் விற்கும் கறைநீக்கி எதையும் அவள் நம்பியதில்லை. கடைக்காரனுக்கு அழுக்கு போய்விட்டால் பிழைப்பு போய்விடும் என்பாள்.

இளையவளுக்குப் பூ வேலை. கம்பியில் கிரேப் தாளைச் சுற்றி ரோஜா செய்வாள். பழைய பட்டுத்துணியை மெழுகுவத்திச் சூட்டில் காட்டி இதழ் ஓரங்களைச் சுருட்டுவாள். நிஜப் பூக்களைப் பொடியில் புதைத்து, நிறம் போகாமல் காய வைப்பாள். சாப்பாட்டு மேசையின் பாதி அவளுடைய கம்பிக்கும் பசைக்கும் போய்விட்டது. மீதிப் பாதியில் நான்கு பேர் சாப்பிட்டார்கள்.

சண்டை ஒரு பளிங்குக் கிண்ணத்தில் தொடங்கியது. இளையவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அதில் ஒரு கறை இருந்தது. மூத்தவள் யாரையும் கேட்காமல் வினிகர் ஊற்றி வைத்தாள். கறை போனது. பளபளப்பும் போனது. கிண்ணம் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆனது.

"கறை போச்சா இல்லையா?" என்று கேட்டாள் மூத்தவள். அவள் நேராகக் கேட்ட கடைசிக் கேள்வி அது.

அதன் பிறகு ஒரு முறை மூத்தவள் குழாயிடம், சலவைத்தூள் தீர்ந்துவிட்டது என்றாள். இளையவள் வெயிலில் நடந்து போய் வாங்கி வந்தாள். அலமாரியில் உடைக்காத பொட்டலம் இருந்தது. "குழாயே, ஒட்டுக் கேக்கறவங்களுக்குக் கால்வலி வரும்" என்றாள் மூத்தவள். அன்று இளையவள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். குழாயிடம் சொன்னது காதில் விழலாம். கைக்குப் போகக் கூடாது.

*

பூக்கடைக்காரம்மா ஒரு நாள் மதியம் வந்தாள். நேராக இளையவளிடம் ஒரு பூங்கொத்தைக் கொடுத்தாள். வெள்ளை ரோஜாக்கள். மகள் முந்தின நாள் கல்யாணத்தில் கையில் பிடித்திருந்தது.

"இதைக் காய வச்சு, கண்ணாடிச் சட்டத்துல போட்டுக் குடு. பொண்ணு ஊருக்குப் போகும்போது எடுத்துட்டுப் போகணும்."

"சரிங்க."

"நல்லா வந்தா என் கடையில உனக்கு ஒரு மேசை. காலையில வா, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போ. பூ வேலை மட்டும்தான். வேற யாரும் தலையிட மாட்டாங்க."

தலையிட மாட்டாங்க என்ற சொல்லை இளையவள் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"நல்லா வரும்" என்றாள்.

மூத்தவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி இடது பர்னரோடு நிற்காமல் வலது பர்னருக்கும் போனது. இதுவரை அப்படிப் போனதில்லை. அந்தப் பர்னரை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூ காய வைக்கும் பொடி வெங்காரம்; கடையில் போராக்ஸ் என்பார்கள். சிங்க்குக்குக் கீழே நீல மூடி டப்பாவில் இருந்தது. வீட்டில் இருவரும் பொதுவாக வைத்திருந்த ஒரே பொருள் அது. இளையவள் பூவுக்கு எடுப்பாள். மூத்தவள் குளியலறைத் தரைக்கும் எறும்புக்கும் எடுப்பாள்.

அந்த வாரம் எறும்பு வந்திருந்தது. ஜன்னல் விளிம்பிலிருந்து சர்க்கரை டப்பா வரை ஒரே வரிசை. பூக்கடைக்காரம்மா வந்த அன்று காலையில்தான், இளையவள் மேசையில் கம்பி நறுக்கிக்கொண்டிருந்தபோது, மூத்தவள் குழாயைத் திறக்காமலே அதனிடம் பேசினாள்.

"குழாயே, நீல மூடி டப்பாவுல சர்க்கரையை அரைச்சுக் கலந்திருக்கேன். எறும்புக்கு. வேற எதுக்கும் யாரும் எடுக்க வேணாம்."

"ஜன்னலே," என்றாள் இளையவள், "சலவைத்தூள் கூட ஒரு தடவை தீர்ந்துபோச்சு."

சாயங்காலம் அவள் ரோஜாக்களைக் காம்பு நறுக்கி, ஒரு செருப்புப் பெட்டியில் தலைகீழாக வைத்தாள். நீல மூடி டப்பாவைத் திறந்தாள். பொடி வெள்ளையாக இருந்தது. எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஒவ்வோர் இதழுக்கும் இடையில் போகும்படி கரண்டியால் மெல்லத் தூவி, பெட்டியை மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

*

சட்டத்தை வாங்கிப்போக வருவதாகப் பூக்கடைக்காரம்மா சொன்ன நாள் காலையில் பெட்டியைத் திறந்தாள். எறும்புதான் முதலில் தெரிந்தது. செத்தவை பாதி. சாகப்போகிறவை பாதி.

பொடி கட்டியாகியிருந்தது. ரோஜாக்களின் ஈரத்தில் சர்க்கரை கரைந்து, வெளி இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தேநீர் நிறத்தில் இருந்தன. ஒன்றைத் தூக்கினாள். பிசுக்கென்று விரலோடு வந்தது.

பெட்டியை அப்படியே கொண்டுபோய் அடுக்களை மேடையில் வைத்தாள். கணவர்கள் பட்டறைக்குப் போயிருந்தார்கள். மூத்தவள் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஜன்னலே, பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்பாங்க. இந்த வீட்டுல பூவையே எறும்பு திங்குது. அடுத்தவ பிழைப்புல மண்ணள்ளிப் போடுறது எப்படின்னு சிலர்கிட்டதான் கத்துக்கணும்."

மூத்தவள் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். குழாயை மூடினாள்.

"குழாயே, நான் சொன்னேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

ஜன்னல் பக்கம் முகம் இல்லை. நேராகக் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் இருவருக்கும் அது உறைத்தது.

"குழாய்கிட்ட" என்றாள் மூத்தவள். அவளும் நேராகத்தான் சொன்னாள். "நீ இங்கதான் உக்காந்திருந்த. கம்பி வெட்டிக்கிட்டு. காதுல கம்பியா இருந்துச்சு?"

"வேணும்னே பண்ணீங்க."

"வேணும்னா?" மூத்தவள் சிரித்தாள். சத்தம் வரவில்லை. "ஏண்டி, உனக்குப் புத்தி இருக்கா? நீ காலையில போய் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தா எனக்கு என்ன நஷ்டம்? பகல் முழுக்க ரெண்டு பர்னரும் எனக்கு. மேசை முழுசா எனக்கு. உன் மூஞ்சியைப் பாக்க வேணாம். நீ அந்தக் கடைக்குப் போகணும்னு உன்னைவிட நான்தான் அதிகமா வேண்டிக்கிட்டேன்."

இளையவள் யோசித்தாள். பொய்யாக இருக்க முடியாது. இவ்வளவு வெறுப்பை ஒருத்தி பொய்யாகக் காட்ட முடியாது.

மூத்தவள் பெட்டிக்குள் விரலை விட்டு ஒரு ரோஜாவைப் பிளந்தாள். உள் இதழ்கள் வெள்ளையாக இருந்தன. சுருங்கியிருந்தன. ஆனால் வெள்ளை.

"குழாயே," என்றாள், "சர்க்கரை தண்ணிக்குக் கரையும். பச்சைத் தண்ணி போதும்."

"ஜன்னலே, தண்ணி பட்டா இதழ் அழுகும். உடனே காயணும்."

"குழாயே, இஸ்திரிப்பெட்டின்னு ஒண்ணு இருக்கு."

"ரெண்டு தாளுக்கு நடுவுல வச்சா வெள்ளை அப்படியே நிக்கும். ஆனா பூ பூவா வராது. தட்டையா வரும்." இளையவள் இதை யாரிடம் சொல்கிறாள் என்று பார்க்க மறந்துவிட்டாள்.

"தட்டையா வந்தா என்ன, சட்டத்துல தொப்பையோடவா நிக்கப் போகுது?"

மூத்தவள் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்தாள். அந்தப் பளிங்குக் கிண்ணம்தான் கைக்கு வந்தது. இளையவள் பார்த்தாள். மூத்தவள் வினிகர் பாட்டிலை நோக்கிக் கை நீட்டினாள்.

"அதைத் தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்."

கை திரும்பி வந்தது.

மூத்தவள் இதழ் இதழாக அலசித் துணியில் ஒற்றினாள். இளையவள் தாளுக்கு இடையில் அடுக்கி இஸ்திரி வைத்தாள். சூடு கொஞ்சம் கூடினால் இதழ் கருகும், குறைந்தால் ஈரம் நிற்கும். அதை அவள் தாளின் மேல் கை வைத்தே பார்த்துக்கொண்டாள். மூத்தவள் வேகமாகக் கொடுத்தால், "ஜன்னலே, சிலருக்கு யாரு பின்னாடி துரத்துறாங்களோ" என்றாள். மெதுவாகக் கொடுத்தால், "ஜன்னலே, தூக்கம் வந்துடுச்சு போல" என்றாள். மூத்தவள் குழாயிடம் பதில் சொன்னாள். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பர்னரிலும் ஒன்றும் ஏறவில்லை.

பழுப்பேறிய வெளி இதழ்களையும் இளையவள் தூர எறியவில்லை. சட்டத்துக்குள் அவற்றை வெளிவட்டமாக வைத்தாள். வெள்ளையை உள்ளே, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி. எல்லா ரோஜாவும் சேர்ந்து ஒரே பெரிய ரோஜா ஆனது. கண்ணாடியை மூடினாள்.

மூத்தவள் எட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் ஒரு விரல் தடம் இருந்தது. முந்தானையால் துடைத்தாள்.

*

பூக்கடைக்காரம்மா சட்டத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நான் பூவா கேட்டேன்."

"ஆமாங்க."

"இது வேற மாதிரி இருக்கு. நல்லா இல்லன்னு சொல்லல. பொண்ணுக்குப் பிடிக்கும். ஆனா கேட்டது இது இல்ல. என்ன ஆச்சு?"

இளையவள் வாயைத் திறக்கும் முன் மூத்தவள் முன்னால் வந்தாள்.

"தப்பு என்மேலதாங்க. பூவைக் காய வைக்கிற பொடியில எறும்புக்காகச் சர்க்கரையைக் கலந்துட்டேன். இவகிட்ட சொல்லல. பாவம், இவளுக்குத் தெரியாது. கெட்டுப்போனதை இவதான் இவ்வளவு நேர்த்தி பண்ணினா. இவ கை மாதிரிக் கை உங்களுக்குக் கிடைக்காது."

பூக்கடைக்காரம்மா தலையை ஆட்டினாள். "அப்ப சரி. அடுத்தவங்க பண்ணின தப்புக்கு நீ என்ன செய்வ."

அவ்வளவுதான். மேசை கிடைத்துவிட்டது. இளையவள் பேசாமல் இருந்தால் போதும்.

மூத்தவளின் முகத்தைப் பார்த்தாள். அதில் இரக்கமும் இல்லை, பரிவும் இல்லை. தண்டத்தைக் கட்டி ஒழித்த நிம்மதி மட்டும் இருந்தது. இனி நாள்தோறும் அந்தக் கடையில் போய் உட்காரும்போதெல்லாம், இந்த மேசை இவள் தூக்கிப் போட்டது என்று தோன்றும். பாவம் என்ற அந்தச் சொல் மேசையின் நாலு காலிலும் ஒட்டியிருக்கும்.

"சொன்னாங்க" என்றாள் இளையவள்.

"என்னம்மா?"

"பொடியில சர்க்கரை இருக்குன்னு சொன்னாங்க. என் காதுல விழுந்துச்சு. நான்தான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"சொன்னது அவங்கன்னுதான்" என்றாள்.

பூக்கடைக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்டத்தைத் துணியில் சுற்றினாள்.

"என் கடையில ஒரு குளிர் அறை இருக்கு. உள்ள ஆள் இருக்குன்னு ஒருத்தி சொன்னா, இன்னொருத்தி கதவைச் சாத்தக் கூடாது. சொன்னது யாருன்னு பாக்கிற ஆள் எனக்குச் சரிப்படாது." வாசலில் நின்று செருப்பை மாட்டினாள். "வேலை சுத்தமா இருக்கு. அதை இல்லன்னு சொல்லமாட்டேன்."

போய்விட்டாள்.

மூத்தவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சாப்பாட்டைத் தவிர வேறு எதற்கும் அவள் பகலில் உட்கார்ந்து இளையவள் பார்த்ததில்லை.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா போதுமே. ஒரே ஒரு நாள்."

இளையவள் இஸ்திரிப்பெட்டியின் வயரைச் சுற்றினாள்.

"நான் பொய் சொன்னேனேடி உனக்காக. என் ஆயுசுல உனக்காகப் பண்ணின ஒரே காரியம். அதையும் கெடுத்த."

"எனக்காகப் பண்ணல."

"யாருக்காகப் பண்ணினா என்ன? வெளிய போயிருப்பல்ல?"

ஜன்னல் விளிம்பில் எறும்பு இல்லை. சுத்தமாக ஒன்றுகூட இல்லை. வைத்தியம் வேலை செய்திருந்தது. மூத்தவளும் அதைக் கவனித்தாள்.

இளையவள் பளிங்குக் கிண்ணத்தில் இருந்த சர்க்கரைத் தண்ணீரைக் கொட்டி, கிண்ணத்தைத் துடைத்து, மேசையின் மற்ற பாதியில், மூத்தவள் சாப்பிட உட்காரும் இடத்தில் வைத்தாள். அதன் பக்கத்தில் கம்பிக் கட்டு, பசை, கிரேப் தாள். பிறகு அடுப்புக்குப் போனாள். வலது பர்னரைப் பற்றவைத்து உலை வைத்தாள். கொஞ்சம் நின்று, இடது பர்னரையும் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள்.

"அது என்னோடது" என்றாள் மூத்தவள்.

இளையவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. திரும்பி, மூத்தவளின் கண்ணைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள், "நான் எங்கயும் போகல."

மூத்தவள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்தாள். முழுசாகத் திறந்தாள். கழுவ ஒரு பாத்திரம்கூட இல்லை. பால் பொங்கத் தொடங்கியது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.