ஓடைக்குள் வெந்நீர்

முழங்காலளவு சேற்றில் நின்று நான்கு பெண்கள் பிளாஸ்டிக் பைகளை இழுத்துக் கரையில் எறிந்துகொண்டிருந்தார்கள். ஓடையை மீட்கும் வேலை தொடங்கி இரண்டு மாதம். குப்பை குறைந்திருந்தது, நாற்றம் போகவில்லை. நட்ட கோரையெல்லாம் ஒரே வாரத்தில் கருகியது. எங்கிருந்தோ கழிவு வருகிறது, எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை.

நெட்டை என்று மற்றவர்கள் கூப்பிடும் பெண்ணின் காலில் திடீரென்று சூடு பட்டது. குனிந்து துழாவினாள். கல்லடுக்குக்குக் கீழே ஒரு குழாயின் வாய். வெளியே எடுத்த விரல்களில் கருநீலம் வழிந்தது. கரைக்கு மேலே ஒரே ஒரு சாயப்பட்டறைதான். அவள் கணவன் அங்கே பதினோரு வருடமாகத் துணி முக்குகிறான்.

சட்டெனக் காலால் சேற்றைத் தள்ளி மூடினாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றாள் பக்கத்தில் இருந்த, குட்டை என்று கூப்பிடப்படும் தோழி.

"ஒண்ணுமில்லடி. கண்ணாடி குத்திடுச்சு."

மதியம் சாப்பாட்டுக்குக் கரையில் உட்கார்ந்தார்கள். எதிரே குட்டை தன் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். முட்டிக்குக் கீழே தோல் உரிந்து நீர் கசிந்தது. "எத்தனை களிம்பு தடவினாலும் ஆற மாட்டேங்குது. இந்தக் காலு போன ஜென்மத்துல யாரை உதைச்சுதோ!" என்று சிரித்தாள்.

நெட்டை எழுந்து, வேலையை மேற்பார்க்கும் பொறியாளரிடம் நேராகப் போனாள். "அம்மா, ஒரு இடத்தைக் காட்டணும்."

மூன்றாம் நாள் பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். கணவன் பகலிலேயே வந்துவிட்டான். உட்காராமல் அறைக்குள் அங்குமிங்கும் நடந்தான்.

"எந்தப் புண்ணியவான் காட்டிக் குடுத்தானோ, நம்ம வயித்துல அடிச்சிட்டான்."

"நான்தான்."

நின்றான். "விளையாடாதே."

"குட்டையோட காலைப் பாத்தேன். அதுக்கு மேல முடியல."

இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். வெடித்த தோலில் சாயம் ஏறியிருந்தது. "இதைப் பாக்கலியா நீ? பதினோரு வருஷமா உன் பக்கத்துலதானே கிடக்கு?"

அவள் அந்த விரல்களைத் தொடப் போனாள்; அவன் கைகளை இழுத்துக்கொண்டான்.

முதலாளி ஊருக்கு வெளியே வேறு பட்டறை திறந்தார். பழைய ஆட்களெல்லாம் போய்ச் சேர்ந்தார்கள். கணவன் மட்டும் வாசலோடு திரும்பி வந்தான். "'காட்டிக் குடுத்த ஓடைக்காரி புருஷனா? ஐயா வேணாம்னுட்டாரு'ன்னான் காவக்காரன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

மழைக்குப் பிறகு தண்ணீர் தெளிந்தது. விரல் நீள மீன்கள் ஓடின. திறப்பு விழாவுக்குப் பெண்கள் சுத்தமான சேலையில் வரவேண்டும் என்றார்கள். குட்டையை மட்டும் பின்வரிசையில் நிற்கச் சொன்னார்கள்.

முதல் மரக்கன்றை நட்டது பட்டறை முதலாளி. கரையோரக் கம்பிவேலி அவருடைய நன்கொடை. நட்டு முடித்து, மண் படிந்த கைகளை விலக்கிப் பிடித்தபடி நின்றார்.

"யாராவது ஐயாவுக்குத் தண்ணி ஊத்துங்கம்மா!" என்றார் மேஸ்திரி.

நெட்டைதான் பக்கத்தில் இருந்தாள். குடத்தைத் தூக்கிச் சாய்த்தாள். அவர் படம் எடுப்பவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."